பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் ஜார்ஜ் சைமன் ஓம்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி



பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதுக என்றால் நாம் அரசர்களையும், புனிதர்களையும், விடுதலை வீரர்களையும் தேடிப் போகிறோம். நம் இயற்பியல் பாடத்தில் ஒரு விதியின் பெயராக மட்டும் வந்து போகும் ஒரு பள்ளி ஆசிரியரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்குச் சற்று வெட்கம் தருவது. ஆயினும் அதை மறைத்துவிட்டு இவருடைய வரலாற்றை எழுதுவது முறையன்று. ஏனெனில், தம் தவற்றை மறைக்காமல் ஊரறியத் திருத்திக் கொண்டவர் இவர்.

மாமாவின் ஏலக்காய் ஸ்டோர்

போடிநாயக்கனூரில் பலர் வீட்டைப் போலவே எங்கள் வீட்டிற்கும் மலையோடு தொடர்பு உண்டு. என் தாய்மாமா போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் அங்கே போயிருந்தேன். அது காய் எடுப்புக் காலம். பறித்த பச்சைக் காயை உடனே ஸ்டோரில் போட்டு உலர்த்த வேண்டும். தாமதித்தால் பச்சை நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஏலத்தில் விலை இறங்கும்.

அன்று இரவு, காய் உலர்த்தும் அறையின் காற்றாடி இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் பியூஸ் போயிருந்தது. மூன்றாம் முறை போனபோது வீட்டில் பியூஸ் கம்பி தீர்ந்துவிட்டது. வெளியே மழை, போடிக்கு இறங்கி வர வழியில்லை. அப்போது பழைய ஒயர்த் துண்டு ஒன்றை உரித்து, அதிலிருந்த செம்புக் கம்பிகள் அத்தனையையும் ஒன்றாக முறுக்கி மாமாவின் கையில் கொடுத்தவள் நான்தான். காற்றாடி மீண்டும் சுழன்றது. எல்லாரும் என் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டினார்கள். நானும் பெருமையோடு உறங்கப் போனேன்.

விடிவதற்குள் கருகிய நாற்றம் எல்லாரையும் எழுப்பியது. சுவரோடு சென்ற ஒயரின் மேலுறை உருகி வழிந்து, கீழே கிடந்த சாக்குகள் புகைந்து கொண்டிருந்தன. மாமா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு மண்ணை வாரிக் கொட்டினார்கள். இறைவன் அருளால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அடுத்த அறையில், தோட்ட வேலைக்கு வந்த இரண்டு குடும்பத்தார் குழந்தைகளோடு உறங்கிக் கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

மறுநாள் வந்த ஒயர்மேன் அண்ணன், காற்றாடிக்குப் பின்னால் எலி கடித்திருந்த இடத்தைக் காட்டினார். உறை போன இரண்டு கம்பிகளும் காற்றாடியின் அதிர்வில் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் இருந்திருக்கின்றன. பியூஸ் மூன்று முறை எச்சரித்தது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இயற்பியல் சிஸ்டர் ஓமின் விதியை நடத்தினார்கள். கரும்பலகையில் இருந்த அந்த ஒரே வரிக்குள் எங்கள் ஸ்டோரில் நடந்தது முழுவதும் இருப்பதைக் கண்டு திகைத்துப் போனேன். யார் இந்த ஓம் என்று நூலகத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

இளமைப் பருவம்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் இன்று உள்ள எர்லாங்கன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் யோகான் வொல்ஃப்காங் ஓம், பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளில் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயாரும் காலமானார்.

பூட்டுத் தொழிலாளியான தந்தையார் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆனால் பகலில் உலோகத்தை அராவிய அவர், ஓய்வு நேரங்களில் உயர் கணிதத்தைத் தாமே முயன்று கற்றார். கற்றதைத் தம் மக்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் கற்றுக் கொடுத்தார். அவ்வூர்ப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அவ்விரு சிறுவர்களையும் சோதித்துப் பார்த்து, புகழ்பெற்ற பெர்னூலி சகோதரர்களுக்கு ஒப்பாக இவர்கள் வருவார்கள் என்று வியந்தாராம். தம்பி மார்ட்டினும் பிற்காலத்தில் கணித அறிஞராக விளங்கினார்.

தந்தையிடமிருந்து ஓம் பெற்ற செல்வம் கணிதம் மட்டுமன்று. பட்டறையில் வளர்ந்தமையால் கம்பியையும் உலோகத்தையும் கையாளும் கைத்திறமும் அவருக்கு வாய்த்தது. பின்னாளில் தம் ஆய்வுக் கருவிகளைத் தாமே செய்து கொள்ள இதுவே உதவியது.

அலைந்த ஆண்டுகள்

1805-ஆம் ஆண்டு ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தோழியரே, நம்மைப் போன்ற மாணவர்தாமே அவரும்! நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழித்தார். தமக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணாக்குவதைக் கண்ட தந்தையார் கடுஞ்சினம் கொண்டார். மூன்று பருவங்களோடு ஓமின் படிப்பு நின்றது.

1806-இல் அவர் சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். அப்போது வயது பதினேழே. அங்கே விளையாட்டுத்தனம் நீங்கியது. ஆய்லர், லாப்லாஸ் போன்ற மேதைகளின் நூல்களைத் தாமே படித்தார். 1811-இல் ஊர் திரும்பி முனைவர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் கற்பித்தார். ஆனால் அந்த வருவாய் உணவுக்கே போதவில்லை. 1813-இல் பாம்பெர்க் நகரில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. மனம் தளராமல், வடிவ கணிதத்தைக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு நூல் எழுதி, அதைப் பிரஷ்ய அரசருக்கு அனுப்பி வைத்தார். அந்நூலே அவருக்கு ஒரு நல்ல கதவைத் திறந்தது.

கொலோன் பள்ளிக்கூடம்

1817-ஆம் ஆண்டு கொலோன் நகரில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியராக ஓம் நியமிக்கப்பட்டார். அது முற்காலத்தில் இயேசு சபைக் குருக்கள் நடத்தி வந்த பழம்பெரும் பள்ளி. அங்கே நல்ல கருவிகளோடு கூடிய ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. பள்ளி முடிந்த பின் ஓம் அதிலேயே தங்கிவிடுவார்.

அக்காலத்தில் மின்சாரம் ஒரு புதுமை. வோல்ட்டா 1800-இல் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டியிருந்தார். 1820-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் அயர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரத்தைக் கண்ணால் காண முடியாது. ஆனால் ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து அதை அளக்கலாம் என்ற எண்ணம் ஓமின் மனத்தில் விழுந்தது. ஒரே மின்கலம், ஒரே உலோகம், ஆனால் கம்பி நீண்டால் மின்னோட்டம் ஏன் குறைகிறது? எவ்வளவு குறைகிறது? இதற்கு அன்று ஒருவரும் சரியான கணக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்பவர் நெடுநாள் முன்பே இதை ஏறத்தாழக் கண்டிருந்தார். ஆனால் அவர் அதை வெளியிடவே இல்லை. அவருடைய குறிப்புகள் 1879-இல்தான் அச்சேறின.

தவறிய முதற் கணக்கு

1825-இல் ஓம் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். மின்கலத்தின் இரு முனைகளையும் முதலில் ஒரு தடித்த, மிகக் குட்டையான கம்பியால் இணைத்தார். அதுவே அவருக்கு அளவுகோல். பிறகு அதற்குப் பதிலாக நீண்ட கம்பிகளை வைத்து, ஊசியின் திருப்பம் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக் கொண்டார். அவற்றிலிருந்து ஒரு சூத்திரமும் அமைத்தார்.

அந்தச் சூத்திரம் தவறானது!

குற்றம் அவருடைய கணக்கில் மட்டும் இல்லை. அக்கால மின்கலங்கள் நிலையாக இரா. இணைத்தவுடன் வேகமாக இருக்கும். சிறிது நேரத்தில் தளர்ந்துவிடும். மட்டமான தராசைக் கொண்டு நிறுத்தால் எடை எப்படிச் சரியாகும்? இதை ஓம் உணர்ந்தார். அச்சில் வந்துவிட்டதே, ஒப்புக் கொண்டால் பெயர் கெடுமே என்று அவர் எண்ணவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அப்போது போகெண்டார்ஃப் என்னும் இதழாசிரியர் ஒரு யோசனை கூறினார். சீபெக் 1821-இல் கண்ட வெப்ப மின்னிணையைப் பயன்படுத்தலாம் என்பதே அது. ஓம் ஒரு பிஸ்மத் தண்டின் இரு முனைகளிலும் செம்பைப் பொருத்தி, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறாதவை. ஆகவே மின்சாரமும் தளராமல் வந்தது. காந்த ஊசியை ஒரு மெல்லிய உலோக இழையில் தொங்கவிட்டு, இழையை முறுக்கி அதன் அளவைப் படித்தார்.

எட்டுக் கம்பிகள்

1826-ஆம் ஆண்டு சனவரி மாதம். ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஓம் எடுத்துக் கொண்டார். அவற்றின் நீளம் அக்கால அங்குலக் கணக்கில் 2, 4, 6, 10, 18, 34, 66, 130. ஒவ்வொன்றையும் மாறி மாறி இணைத்தார். 2 அங்குலக் கம்பிக்குக் கருவி சுமார் 327 காட்டியது. 130 அங்குலக் கம்பிக்குச் சுமார் 48½ காட்டியது.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. 130 அங்குலம் என்பது 2 அங்குலத்தைப் போல 65 மடங்கு. ஆனால் மின்னோட்டமோ 65-இல் ஒரு பங்காகக் குறையவில்லை. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. ஏன்?

ஓம் கண்ட விடை அழகானது. மின்சாரம் தரும் கருவிக்குள்ளேயும் ஒரு தடை இருக்கிறது. அவருடைய கருவியின் உள்தடை, அதே செம்புக் கம்பியில் 20¼ அங்குல நீளத்திற்குச் சமம். அதைச் சேர்த்துப் பாருங்கள்: 2 அங்குலக் கம்பி என்பது உண்மையில் 22¼, 130 அங்குலக் கம்பி என்பது 150¼. 150¼-ஐ 22¼-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6¾ வரும். 327-ஐ 48½-ஆல் வகுத்தாலும் அதே 6¾! நான் இதை என் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்து விடை வந்தபோது, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் ஒரு துளி எனக்கும் கிடைத்தது.

இதுவே ஓமின் விதி. தள்ளும் மின்னழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் மிகும். வழியில் உள்ள மொத்தத் தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

தடை போய்விட்டால் என்ன ஆகும்?

இனி எங்கள் ஸ்டோருக்கு வருவோம். ஓம் வைத்த கம்பியின் நீளம் 2 அங்குலமும் இல்லாமல் ஒன்றுமே இல்லை என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் நாம் ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லும் குறுக்குச் சுற்று. விளக்கு, காற்றாடி, இஸ்திரிப்பெட்டி முதலியவற்றின் வழியே போக வேண்டிய மின்சாரம், இடையில் தடையற்ற ஒரு குறுக்கு வழி கிடைத்து, அதன் வழியே திரும்பிவிடுகிறது. நீளத்தில் குட்டையான வழி என்பது இதன் பொருளன்று. தடையில் குறைந்த வழி என்பதே பொருள்.

ஓமின் கருவியில் இப்படி நேர்ந்தால் கணக்குப்படி ஊசி 327-லிருந்து 360 வரைதான் ஏறும். ஏனென்றால் உள்தடையே அங்கு பெரியது. ஆபத்து ஒன்றுமில்லை. டார்ச் விளக்கின் மின்கலத்தில் நேர்ந்தால் சில ஆம்பியர் பாய்ந்து, கலமும் கம்பியும் சூடாகும்.

வீட்டு மின்சாரத்தின் கதை வேறு. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் தடை சுமார் 53 ஓம். ஆகவே அதில் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் பாய்கிறது. கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்த 53 ஓம் மறைந்துவிடும். மின்மாற்றியிலிருந்து வந்து திரும்பும் கம்பிகளின் தடை மட்டுமே மிஞ்சும். அது அரை ஓம் என்று வைத்துக் கொண்டால், 230-ஐ அரையால் வகுக்க 460 ஆம்பியர்! முன்பைவிட நூறு மடங்குக்கும் மேல். மின்னோட்டத்தால் உண்டாகும் வெப்பமோ அதன் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்று ஜூல் என்ற அறிஞர் 1841-இல் காட்டினார். ஆகவே அதே கம்பியில் வெப்பம் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஏறுகிறது. உறை உருகாமல் என்ன செய்யும்?

எங்கள் மலையில் இதற்கு ஓர் உவமை உண்டு. தோட்டங்களுக்கு மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து ஓஸ் வழியாகத் தண்ணீர் வரும். நீண்ட, குறுகிய ஓஸில் நீர் அளவாக வரும். தொட்டியின் அருகிலேயே ஓஸ் அறுந்துவிட்டால், நீர் முழுவதும் அங்கேயே பீறிட்டு மண்ணை அரித்துக் கொண்டு போகும்; கீழே உள்ள செடிகளுக்குச் சொட்டும் எட்டாது. குறுக்குச் சுற்று நேரும் கணத்தில் மற்ற விளக்குகள் மங்குவதும் இதனால்தான். தென்மேற்குப் பருவக் காற்றில் நிழல் மரக் கிளைகள் மின்கம்பிகளை அசைத்து ஒன்றோடொன்று மோதவிட்டால், மலையே இருண்டுவிடுகிறது அல்லவா? அங்கேயும் இதே கணக்குத்தான். ஓமும் ஏறக்குறைய இப்படி ஓர் உவமையிலிருந்தே தம் கருத்தை விரித்தார். பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822-இல் வெப்பம் பாயும் விதத்தைக் கணிதமாக எழுதியிருந்தார். வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தைச் செலுத்துவது போல, மின்னழுத்த வேறுபாடு மின்சாரத்தைச் செலுத்துகிறது என்று ஓம் கண்டார்.

பியூஸ் கம்பி இந்த விதிக்குக் காவலாகப் பிறந்தது. அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால், சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடேறுமுன் தான் உருகிச் சுற்றை அறுத்துவிடும் மெல்லிய கம்பி அது. அமெரிக்க அறிஞர் எடிசன் 1890-இல் பியூஸ் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பல வீடுகளில் உள்ள எம்.சி.பி. சுவிட்சுக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்னோட்டம் திடீரெனப் பெருகினால் அது சுவிட்சைத் தட்டிவிடும். நான் முறுக்கிக் கொடுத்த தடித்த செம்புக் கம்பியோ எளிதில் உருகாது. ஆகவே அதற்குப் பதிலாகச் சுவரோரத்து ஒயர் உருகியது. காவற்காரன் இறக்க வேண்டிய இடத்தில் வீடு இறக்கப் பார்த்தது!

செய்தித்தாள்களில் எல்லாத் தீ விபத்தையும் மின்கசிவு என்று எழுதுகிறார்கள். கசிவு என்பது வேறு. உறை பழுதான இடத்தில் மின்சாரம் ஈரச் சுவர் வழியாகவோ நம் உடல் வழியாகவோ சிறிதளவு நிலத்தில் இறங்குவது கசிவு. அது பியூஸ் உருகும் அளவுக்கு இராது. ஆனால் உயிரைப் பறிக்கும். அதைத் தடுக்க ஆர்.சி.சி.பி. என்ற வேறு கருவி வேண்டும். இதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பாராட்டாத உலகம்

ஓமின் வரலாற்றில் துயரமான பகுதி இனித்தான் வருகிறது. இத்தகைய கண்டுபிடிப்புக்குப் பின் பல்கலைக்கழகங்கள் தம்மை வரவேற்கும் என்று அவர் நம்பினார். பாதிச் சம்பளத்தில் விடுப்பு எடுத்துக் கொண்டு பெர்லினுக்குச் சென்று, தம் ஆய்வு முழுவதையும் கணித முறையில் ஒரு நூலாக எழுதினார். 1827-இல் அந்நூல் வெளிவந்தது.

வரவேற்பு குளிர்ந்திருந்தது. இயற்பியலில் இவ்வளவு கணிதம் எதற்கு என்று சிலர் ஒதுக்கினர். சிலர் வெறும் கற்பனை என்று ஏளனம் செய்தனர். பெரும்பாலோர் படிக்கவே இல்லை. மனம் நொந்த ஓம், 1828-இல் கொலோன் பள்ளிப் பணியையும் விட்டு விலகினார். அடுத்த சில ஆண்டுகள் பெர்லினில் இராணுவப் பள்ளியில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்து வறுமையில் காலம் தள்ளினார். உலகத்துக்கு ஒளி தரும் விதியைக் கண்டவர், குடத்துள் இட்ட விளக்காய் இருந்தார்.

அவர் யாரையும் பழித்துக் கொண்டு திரியவில்லை. 1833-இல் நூரெம்பெர்க் நகரத் தொழிற்கல்விப் பள்ளியில் பணி கிடைத்தது. அமைதியாகக் கற்பித்து வந்தார். இதற்கிடையே ஃபெக்னர், லென்ஸ் முதலிய அறிஞர்கள் அவருடைய விதியைத் தாமே சோதித்து, அது சரி என்று கண்டார்கள். உண்மை மெல்ல மெல்ல நாடு கடந்து சென்றது.

குன்றின் மேலிட்ட விளக்கு

1841-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கம் தன் உயரிய பரிசாகிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு அச்சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. சொந்த நாட்டார் அறியாததை அயல்நாட்டார் அறிந்தனர். அதன்பின் சொந்த நாடும் விழித்துக் கொண்டது. 1849-இல் அவர் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இளமை முதல் அவர் விரும்பிய பதவி கிடைத்தபோது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகள்தாம் அதை வகித்தார். 1854-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் மியூனிக்கில் இயற்கை எய்தினார். அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை.

1881-இல் பாரிஸ் மாநகரில் உலக மின்னியல் அறிஞர்கள் கூடி, மின்தடையின் அலகுக்கு ஓம் என்று பெயரிட்டனர். மின்னழுத்தத்திற்கு வோல்ட், மின்னோட்டத்திற்கு ஆம்பியர் என்ற பெயர்களும் அங்கேயே ஏற்கப்பட்டன. ஓமின் குறியீடாக ஒமேகா என்ற கிரேக்க எழுத்து வழங்குகிறது. அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்தைப் போட்டால் சுழி என்று மயங்க நேரும் அல்லவா? தடைக்கு எதிரான கடத்துத்திறனின் அலகுக்கு அவர் பெயரைத் தலைகீழாக எழுதி மோ என்று நெடுநாள் வழங்கினார்கள். பிறகு அது சீமன்ஸ் என்று மாறியது. நூரெம்பெர்க் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

தோழியரே, ஓமின் வாழ்விலிருந்து நான் கற்றவை இரண்டு.

முதலாவது, மின்சாரத்திற்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. குறுக்குச் சுற்றில் அது வெறி கொண்டு பாய்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்போதும் அது விதிக்கு அணுவளவும் மாறாமல்தான் நடக்கிறது. வழியிலிருந்த தடையை எடுத்துவிட்டவர்கள் நாம். தடை என்றாலே தீமை என்று எண்ணியிருந்தேன். அளவான தடைதான் விளக்கை எரிய வைக்கிறது, வீட்டைக் காக்கிறது. அம்மாவும் சிஸ்டர்களும் நமக்கு விதிக்கும் தடைகளை நினைக்கும்போதும் இப்போது எனக்கு முன்போல எரிச்சல் வருவதில்லை!

இரண்டாவது, தவறு செய்யாதவர் பெரியவர் அல்லர். தவற்றைக் கண்டதும் மறுபடி அளந்து பார்ப்பவரே பெரியவர். 1825-இன் தவறான சூத்திரத்தை ஓம் பிடித்துத் தொங்கியிருந்தால் 1826-இன் விதி பிறந்திராது.

நானும் என் அளவில் ஒன்று செய்தேன். மாமாவிடம் இந்தக் கணக்கு முழுவதையும் எழுதிக் காட்டினேன். பத்தாம் வகுப்புப் பெண் சொல்லுகிறாளே என்று அவர் தட்டிக் கழிக்கவில்லை. இப்போது ஸ்டோரில் ஒயர்களெல்லாம் புதியவை; எலி நுழையாதபடி குழாய்க்குள் செல்கின்றன. எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தியாயிற்று. பழைய பியூஸ் கட்டையை மட்டும் நான் கேட்டு வாங்கி என் மேசை மேல் வைத்திருக்கிறேன். நான் முறுக்கிய கம்பி அதில் இன்னும் உருகாமல் அப்படியே இருக்கிறது.

பெற்றோர்களே, தோழியரே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பியூஸில் என்ன கம்பி இருக்கிறது என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பியூஸ் மறுபடி மறுபடி போனால் கம்பியைத் தடிமனாக்காமல், காரணத்தைத் தேடுங்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்று உழைத்த அந்தப் பள்ளி ஆசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.